மத்தியானம் 253, ராத்திரி லோ வோல்டேஜ்: வீட்டு இன்வெர்ட்டர் தெருக் கரண்டைச் சீராக்குமா?

2024 பிப்ரவரியில் பிரதமரின் சூரிய வீடு திட்டம் அறிவிக்கப்பட்டது. ஒரு கோடி வீடுகள் இலக்கு. 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போட்டால் மத்திய அரசின் மானியம் 78,000 ரூபாய். வெயிலுக்குப் பஞ்சமில்லாத செட்டிநாட்டில் அதற்குப் பிறகு சோலார் பேச்சு அதிகமாகிவிட்டது. கூடவே இரண்டு புகார்களும் வந்திருக்கின்றன.

ஒன்று, "உச்சி வெயிலில், நன்றாக ஓட வேண்டிய நேரத்தில், சோலார் தானாக நின்றுவிடுகிறது." இரண்டு, "சோலார் வந்த பிறகும் ராத்திரி லோ வோல்டேஜ் அப்படியேதான் இருக்கிறது."

இதற்கிடையில் விற்பவர்கள், புது மாடல் இன்வெர்ட்டர் ஈபி லைனையே சீராக்கிவிடும் என்கிறார்கள். அதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்பதற்கு அடிப்படையிலிருந்து வரவேண்டும்.

முதலில், எந்த இன்வெர்ட்டர்?

நம் ஊரில் 'இன்வெர்ட்டர்' என்றால் பேட்டரிப் பெட்டியைத்தான் நினைப்போம். ஆனால் ஒரே பெயரில் மூன்று வேறு சாமான்கள் புழங்குகின்றன.

1. பேட்டரி இன்வெர்ட்டர். கரண்ட் போனால் ஃபேனும் லைட்டும் ஓட வைப்பது. கரண்ட் இருக்கும்போது இதன் வேலை பேட்டரியைச் சார்ஜ் செய்வது மட்டுமே. லைனுக்கு எதையும் தராது, வாங்க மட்டும் செய்யும்.

2. சோலார் கிரிட் இன்வெர்ட்டர். பேனலின் நேர்மின்சாரத்தை லைனோடு ஒத்துப்போகும் மாறுமின்சாரமாக்கி, வீட்டுச் செலவு போக மீதியை வெளியே தள்ளும். லைனில் கரண்ட் இல்லையென்றால் இதுவும் நின்றுவிடும். கோளாறென்று பலர் நினைக்கிறார்கள், அது பாதுகாப்பு ஏற்பாடு. கரண்ட்டை நிறுத்திவிட்டு லைன்மேன் கம்பத்தில் ஏறியிருக்கும்போது நம் வீட்டிலிருந்து கரண்ட் போனால் என்ன ஆகும் என்று யோசித்தால் போதும்.

3. ஹைப்ரிட். இரண்டும் சேர்ந்தது. பேட்டரியும் உண்டு, லைனுக்குத் தரவும் முடியும்.

மூன்றுக்குள்ளும் இருப்பது ஒரே வித்தை: விநாடிக்குப் பல ஆயிரம் முறை திறந்து மூடும் மின்னணு ஸ்விட்சுகள். மின்னோட்டத்தின் அளவை மட்டுமல்ல, அது எந்த நொடியில் ஏறி எந்த நொடியில் இறங்க வேண்டும் என்பதையும் அவை தீர்மானிக்கும். லைனைச் சீராக்க முடியும் என்ற பேச்சே இந்தத் திறமையை நம்பித்தான்.

'தரம்' என்று எதைச் சொல்கிறோம்?

கரண்ட் வருகிறதா இல்லையா என்பது ஒரு கேள்வி. வருகிற கரண்ட் எப்படி இருக்கிறது என்பது வேறு. இரண்டாவதில் முக்கியமாக மூன்று பார்க்க வேண்டும்.

1. வோல்டேஜ். வீட்டுக்கு 230 வோல்ட் என்பது கணக்கு. கூடக் குறைய 6 சதவீதம் என்பது 1956-ஆம் ஆண்டின் மின்சார விதிகளிலேயே இருந்த வரம்பு. 230-க்கு அதைப் போட்டால் 216-லிருந்து 244 வரை.

2. தெருவில் வரும் மூன்று மின்கம்பிகளிலும், அதாவது மூன்று பேஸிலும், சுமை சமமாக இருக்கிறதா என்பது.

3. அலையின் வடிவம். விநாடிக்கு 50 முறை அலையும் வழவழப்பான அலையாக இருக்க வேண்டும். அதில் முண்டும் முடிச்சும் விழுந்தால் அதற்குப் பெயர் ஹார்மோனிக்ஸ்.

நம் தெருக்களில் பெரிய தலைவலி முதலாவது. அதைக் கெடுப்பதில் இரண்டாவதற்குப் பெரிய பங்கு உண்டு, ஆனால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

433 என்ற எண்

தெருமுனை டிரான்ஸ்பார்மரின் பலகையில் 11,000/433 என்று எழுதியிருக்கும். வீட்டுக்கு 230 என்றால் மூன்று பேஸுக்கு 400 தானே வர வேண்டும், 433 எதற்கு? சுமை ஏறினால் டிரான்ஸ்பார்மரிலும் கம்பியிலும் வோல்டேஜ் குறையும். கடைசி வீட்டுக்கும் போதுமான அளவு போய்ச் சேர வேண்டுமென்று தொடக்கத்திலேயே கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். 433-ஐ ஒரு பேஸுக்கு மாற்றினால் (1.732-ஆல் வகுத்தால்) 250 வோல்ட். அதாவது சுமையே இல்லாதபோது டிரான்ஸ்பார்மரின் வாசலில் 250 நிற்கும்.

மின்சாரம் ஒரே திசையில், டிரான்ஸ்பார்மரிலிருந்து வீட்டுக்கு மட்டும் போன காலத்தில் இது நல்ல ஏற்பாடு. வோல்டேஜ் இறங்கத்தான் செய்யும், ஏறாது. சோலார் அந்த நம்பிக்கையைத் திருப்பிப் போட்டது. மின்சாரம் வீட்டிலிருந்து டிரான்ஸ்பார்மரை நோக்கிப் போகும்போது வீட்டுப் பக்கம்தான் வோல்டேஜ் உயரும்.

மத்திய மின்சார ஆணையம் 2013-ல் வெளியிட்ட இணைப்புத் தரவிதிப்படி, லைன் வோல்டேஜ் 110 சதவீதத்தைத் தாண்டினால் இரண்டு விநாடிக்குள் சோலார் இன்வெர்ட்டர் விலகிவிட வேண்டும். 230-க்கு அது 253. டிரான்ஸ்பார்மர் வாசலில் 250, விலக வேண்டிய இடம் 253. நடுவே மிஞ்சுவது மூன்றே வோல்ட்.

சாதாரண ஊரில் இது இவ்வளவு உறுத்தாது. பகலிலும் ஃபேன், ஃபிரிட்ஜ், மோட்டார் என்று ஏதாவது ஓடி வோல்டேஜை இறக்கிவிடும். செட்டிநாட்டுத் தெரு வேறு மாதிரி. முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில் என்று நீளும் பெரிய வீடுகளில் பல, வருஷத்தில் பெரும்பாலான நாள் பூட்டியே கிடக்கின்றன. கல்யாணம், சாந்தி, படைப்பு, பிள்ளையார் நோன்பு என்று வந்தால்தான் விளக்கு எரியும். அன்றைக்கு ஒரே வீட்டில் பத்து வீட்டுச் சுமை ஏறும், மற்ற நாளில் தெருவே வெறுஞ்சுமை. இப்படிப்பட்ட தெருவில் ஆளிருக்கும் நாலு வீட்டில் சோலார் போட்டால், உச்சி வெயிலில் வரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளப் பக்கத்தில் ஆளில்லை. வோல்டேஜ் ஏறும், இன்வெர்ட்டர் விலகும், விலகியதும் வோல்டேஜ் இறங்கும், ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி சேரும், மறுபடி ஏறும். முதல் புகாருக்கு விடை இதுதான்.

கம்பியின் கணக்கு

எவ்வளவு ஏறும்? ஓர் எடுத்துக்காட்டு. டிரான்ஸ்பார்மரிலிருந்து 300 மீட்டர் தள்ளி ஒரு வீடு, ஒற்றைப் பேஸ். அலுமினியக் கம்பியின் தடை கிலோமீட்டருக்குச் சுமார் 0.9 ஓம் என்று வைத்துக்கொள்வோம். போக ஒரு கம்பி, வர நியூட்ரல், இரண்டும் சேர்த்துத் தோராயமாக 0.55 ஓம்.

3 கிலோவாட் சோலார் முழுவீச்சில் வெளியே தள்ளினால் சுமார் 13 ஆம்பியர். 13-ஐ 0.55-ஆல் பெருக்கினால் 7 வோல்ட். டிரான்ஸ்பார்மர் வாசலில் 248 இருந்தால் வீட்டில் 255. இன்வெர்ட்டர் விலகிவிடும்.

மூன்று வோல்ட் இடம்தான் இருக்கிறது, ஏறுவதோ ஏழு. இந்தப் பொருத்தமின்மையைத் தீர்க்க நாலு வழி உண்டு.

வழி 1: டிரான்ஸ்பார்மரின் டேப்பை இறக்குவது

டிரான்ஸ்பார்மரில் டேப் என்று ஒரு திருகு ஏற்பாடு உண்டு. சப்ளையை நிறுத்திவிட்டு ஒரு படி மாற்றினால் இரண்டரை சதவீதம், அதாவது ஆறு வோல்ட் அளவு இறங்கும். செலவில்லாத வேலை. ஆனால் ராத்திரி கடைசி வீட்டுக்கு அந்த ஆறு வோல்ட்டும் சேர்ந்து குறையும். பகலுக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று என்று தினம் இரண்டு தடவை மாற்ற முடியாது.

வழி 2: ரியாக்டிவ் பவர், அல்லது பந்திப் பாத்திரம்

விளம்பரங்கள் பேசும் 'லைனைச் சீராக்கும்' வேலை இதுதான்.

கல்யாணப் பந்திக்குச் சாப்பாடு வேனில் வருகிறது. சாப்பாட்டோடு அண்டாவும் குத்துப்போணியும் வருகின்றன. பாத்திரத்தை யாரும் சாப்பிடுவதில்லை, அப்படியே திரும்பிப் போகிறது. ஆனால் அது இல்லாமல் பந்தி நடக்காது, வேனில் இடத்தையும் அடைத்துக்கொள்கிறது. மின்சாரத்திலும் இப்படி வந்து வந்து திரும்பிப் போகிற ஒரு பங்கு உண்டு. மோட்டாருக்குள் காந்தப்புலம் உண்டாக அது தேவை. அதற்குப் பெயர் ரியாக்டிவ் பவர். வேனின் மொத்த இடத்தில் சாப்பாட்டின் பங்கு எவ்வளவு என்பதுதான் பவர் ஃபேக்டர். பாத்திரம் பந்தி நடக்கிற வீட்டிலேயே இருந்தால் வேனில் ஏற்ற வேண்டாம். மோட்டாருக்குக் கண்டென்சர் மாட்டச் சொல்வதும் இதற்காகத்தான்.

சோலார் இன்வெர்ட்டராலும் இதைச் செய்ய முடியும். மின்னோட்டத்தைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தினால் ரியாக்டிவ் பவரைத் தரவும் செய்யலாம், வாங்கவும் செய்யலாம். வாங்கினால் லைன் வோல்டேஜ் இறங்கும், தந்தால் ஏறும். கண்டென்சரால் தர மட்டுமே முடியும், அதுவும் எப்போதும் ஒரே அளவு. இன்வெர்ட்டர் வோல்டேஜைப் பார்த்துப் பார்த்து மாற்றிக்கொள்ளும்.

அமெரிக்காவின் ஐ.ஈ.ஈ.ஈ என்ற மின்பொறியாளர் அமைப்பு 2018-ல் வெளியிட்ட 1547 என்ற தரவிதியில், எந்த வோல்டேஜில் எவ்வளவு என்று காட்டும் ஒரு மாதிரிக் கோடு இருக்கிறது. நம் 230 வோல்ட்டுக்கு மாற்றினால் இப்படி வரும்:

1. 225 முதல் 235 வரை: ஒன்றும் செய்யாதே.
2. 235-க்கு மேல்: கொஞ்சம் கொஞ்சமாக ரியாக்டிவ் பவரை வாங்கு. 248-ல் இன்வெர்ட்டரின் திறனில் 44 சதவீதம் வரை.
3. 225-க்குக் கீழ்: அதேபோல் கொடு. 212-ல் 44 சதவீதம் வரை.

கலிபோர்னியாவில் 2017 முதலும் ஆஸ்திரேலியாவில் 2021 டிசம்பர் முதலும் புது சோலார் இன்வெர்ட்டர்களுக்கு இந்த மாதிரி வேலை கட்டாயம்.

கேட்க நன்றாக இருக்கிறது. நம் கம்பியில் போட்டுப் பார்ப்போம். ரியாக்டிவ் பவர் வோல்டேஜை அசைப்பது கம்பியின் தடையால் அல்ல, ரியாக்டன்ஸ் என்ற இன்னொரு குணத்தால். தெருக் கம்பியில் அது தடையைவிடக் குறைவு. நம் 300 மீட்டருக்குப் போகவர 0.2 ஓம் வைத்துக்கொள்ளலாம். 3 கிலோவாட் இன்வெர்ட்டர் 44 சதவீதம், அதாவது 1.3 கே.வி.ஏ.ஆர் (ரியாக்டிவ் பவரை அளக்கும் அலகு) வாங்கினால் இறங்கும் வோல்டேஜ் ஒன்றுக்குச் சற்று மேல். ஏறியது ஏழு, இறங்கியது ஒன்று.

விளம்பரத்தின் பாதிப் பொய் இங்கே இருக்கிறது. தனி வீட்டில், மெல்லிய நீளக் கம்பியின் முனையில், இது யானைக்குச் சோளப்பொரி. பாதி உண்மை மேலே இருக்கிறது: டிரான்ஸ்பார்மரிலும் அதற்குப் பின்னுள்ள 11,000 வோல்ட் லைனிலும் ரியாக்டன்ஸின் கை ஓங்கியிருக்கும். ஒரு ஃபீடரில், அதாவது அப்படியொரு 11,000 வோல்ட் லைனில், நூற்றுக்கணக்கான இன்வெர்ட்டர்கள் சேர்ந்து செய்தால் அங்கே பலன் தெரியும். ஊர் கூடித் தேர் இழுக்கிற வேலை, ஒருவர் வடம் பிடித்தால் நகராது.

வழி 3: உற்பத்தியைக் கொஞ்சம் அடக்குவது

அதே தரவிதியில் இன்னொரு கோடும் உண்டு. 244 வோல்ட்டைத் தாண்டினால் உற்பத்தியைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வா, முழுக்க நிறுத்தாதே. நம் எடுத்துக்காட்டில் ஒரு கிலோவாட் குறைத்தால் சுமார் 2.4 வோல்ட் இறங்கும். ரியாக்டிவ் பவரைவிடப் பலமான மருந்து. நின்று நின்று ஓடுவதைவிடக் குறைத்து ஓடுவது வீட்டுக்காரருக்கும் நல்லது, லைனுக்கும் நல்லது.

இதில் ஒரு அநியாயமும் ஒளிந்திருக்கிறது. டிரான்ஸ்பார்மர் பக்கத்து வீட்டில் வோல்டேஜ் கம்மியாக ஏறும், கடைசி வீட்டில் அதிகம் ஏறும். ஆகவே ஒரே தெருவில், ஒரே காசு போட்டவர்களில், கடைசி வீட்டுக்காரரின் யூனிட்தான் எப்போதும் வெட்டுப்படும்.

வழி 4: ஓர் ஏணி

ஒரே தெருவில், நாம் சொன்ன அந்த 300 மீட்டர் முனையில், 3 கிலோவாட் சோலார் வைத்த மூன்று வீடுகள் இருக்கின்றன என்போம். மூன்றும் ஒரே பேஸில் இருந்தால் 39 ஆம்பியர், வோல்டேஜ் ஏற்றம் 21 வோல்ட்டுக்கு மேல். அதே மூன்றையும் பேஸுக்கு ஒன்றாகப் பிரித்து மாட்டினால் நியூட்ரலில் ஓடும் மூன்று மின்னோட்டங்களும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒவ்வொரு வீட்டுக்கும் 13 ஆம்பியர், ஒரு கம்பி நீளத்தின் தடை மட்டும். ஏற்றம் மூன்றரை வோல்ட். ஆறில் ஒரு பங்கு.

எந்தப் புது இன்வெர்ட்டரும் இந்த அளவுக்குச் செய்யாது. செய்ய வேண்டியது, எந்த வீடு எந்தப் பேஸில் இருக்கிறது என்று எழுதிவைத்துக்கொண்டு கம்பத்தில் ஏறி இரண்டு இணைப்பை மாற்றுவது. ராத்திரிப் பிரச்சினைக்கும் இதே மருந்துதான்: "அடுத்த வீட்டில் நன்றாக எரிகிறது, எங்கள் வீட்டில் டிம்மாக எரிகிறது" என்பது பெரும்பாலும் ஒரு பேஸில் மட்டும் சுமை குவிந்திருப்பதன் அடையாளம்.

பெரிய வீடுகளில் பலவற்றுக்கு மூன்று பேஸ் இணைப்பு இருக்கும். அங்கே சோலார் போடும்போது மூன்று பேஸ் இன்வெர்ட்டரே வைப்பது உத்தமம். விலை கொஞ்சம் கூடும். சில ஹைப்ரிட் மாடல்கள் இன்னும் ஒரு படி போய், எந்தப் பேஸில் சுமை அதிகமோ அதில் அதிகமாகக் கொடுக்கும். வீட்டு இன்வெர்ட்டரால் தெருவுக்கு உண்மையாக நன்மை செய்ய முடிகிற இடம் இது என்பேன்.

ராத்திரி லோ வோல்டேஜுக்கு?

சூரியன் போன பிறகு சாதாரண சோலார் இன்வெர்ட்டர் தூங்கிவிடும். சில மாடல்கள் ராத்திரியும் ரியாக்டிவ் பவர் தரும். பலன் முன்பு பார்த்த அதே ஒன்றரை வோல்ட்டுக்குள்தான். பேட்டரியுள்ள ஹைப்ரிட் ஒரு கிலோவாட்டை வீட்டுக்குள்ளேயே கொடுத்தால் லைனிலிருந்து வாங்குவது குறையும், வோல்டேஜ் இரண்டரை அளவு ஏறும். ஆக, இரண்டாவது புகாருக்கு விடை இன்வெர்ட்டரில் இல்லை, பேஸைப் பிரிப்பதிலும் பேட்டரியிலும் இருக்கிறது. பேட்டரியின் விலையும் ஆயுளும்தான் இதை இன்னும் இழுத்துப் பிடிக்கின்றன. (பேட்டரி ஆராய்ச்சிக்கு இதே செட்டிநாட்டில் ஒரு வீடு உண்டு. காரைக்குடியில் நாம் செக்ரி என்று சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், அழகப்பச் செட்டியார் தந்த 300 ஏக்கரிலும் 15 லட்சம் ரூபாயிலும் 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-ல் திறக்கப்பட்டது.)

இங்கே வீட்டிலிருக்கும் இரண்டு பழைய சாமான்களையும் சொல்லியாக வேண்டும். தெரியாமலேயே லைனைக் கெடுப்பவை அவை.

ஸ்டெபிலைசர். 180 வந்தால் 230 ஆக்கித் தருகிறது. சும்மா தரவில்லை. உள்ளே 10 ஆம்பியர் கொடுக்க, வெளியிலிருந்து 12.8 ஆம்பியர் இழுக்கிறது. அந்தக் கூடுதல் இழுப்பில் லைன் வோல்டேஜ் இன்னும் இறங்கும். அடுத்த வீட்டு ஸ்டெபிலைசர் அதைப் பார்த்து இன்னும் இழுக்கும். வீட்டுக்கு வீடு தன் வாளியை மட்டும் நிரப்பிக்கொள்ளும் கதை. ஸ்டெபிலைசர் வாங்க வசதியில்லாத வீடு எல்லாருடைய இறக்கத்தையும் தாங்குகிறது.

பேட்டரி இன்வெர்ட்டர். கரண்ட் போய் இரண்டு மணி நேரம் கழித்து வந்தால், தெருவில் உள்ள எல்லாப் பேட்டரியும் ஒரே நொடியில் சார்ஜ் ஏறத் தொடங்கும். 12 வோல்ட் பேட்டரி ஒன்றுக்கு 15 ஆம்பியர் என்றால் லைனிலிருந்து சுமார் 250 வாட். 50 வீட்டுக்குப் பன்னிரண்டரை கிலோவாட். அதோடு ஃபிரிட்ஜும் மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பும். "வந்த கரண்ட் உடனே போச்சு" என்பது இப்படியும் நடக்கும். சார்ஜ் வேகத்தைக் குறைக்கும் ஸ்விட்ச் பல மாடல்களில் உண்டு. அதைத் தொட்டவர்கள் குறைவு.

அலை வடிவம்

எல்.ஈ.டி பல்பு, டிவி, சார்ஜர் எல்லாம் அலையின் உச்சியில் மட்டும் மின்னோட்டத்தைக் கடித்து எடுக்கும். அதனால் 50-ஓடு 150, 250 என்று மேல் அலைகள் கலக்கின்றன. 150 அலைக்கு ஒரு கெட்ட குணம்: மூன்று பேஸிலிருந்தும் வருவது நியூட்ரலில் அழியாமல் கூடிவிடும். சுமை சமமாக இருந்தாலும் நியூட்ரல் சுடும்.

இதை அளந்து, நேர் எதிரான அலையைச் செலுத்தி அழிக்கலாம் என்பதற்கான கணிதத்தை ஜப்பானில் அகாகியும் அவர் கூட்டாளிகளும் 1983-ல் கொடுத்தார்கள். தொழிற்சாலைகளில் அந்த வகைக் கருவிகள் ஓடுகின்றன. வீட்டு இன்வெர்ட்டரில் அதே ஸ்விட்சுகள் இருப்பதால் கொள்கையளவில் இங்கும் முடியும். சோதனைக்கூடத்தில் செய்தும் காட்டியிருக்கிறார்கள். கடையில் வாங்கும் வீட்டு மாடல்களில் இது பொதுவாகக் கிடையாது. தான் அனுப்பும் மின்னோட்டத்தில் திரிபு 5 சதவீதத்துக்குள் இருப்பதுதான் அவற்றின் கடமை, தெருவைச் சுத்தம் செய்வது அல்ல. விற்பவர் இதைச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

ஏன் யாரும் செய்வதில்லை?

காரணம் காசு. வீட்டு மீட்டர் எண்ணுவது யூனிட்டை. ரியாக்டிவ் பவர் கொடுத்தாலும் வாங்கினாலும் பில்லில் ஒரு ரூபாய் மாறாது. ஆனால் அதற்காக இன்வெர்ட்டர் திறனில் ஒரு பகுதியை ஒதுக்க வேண்டியிருக்கும். ஆகவே போட்டுத் தருபவர்கள் பவர் ஃபேக்டரை ஒன்றில் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

விதியும் கவனமாக எழுதப்பட வேண்டும். ஜெர்மனியில் தொடக்ககாலச் சோலார் எல்லாவற்றுக்கும், அதிர்வெண் (விநாடிக்கு 50 முறை என்று சொன்ன அந்த அலைவு) 50.2-ஐத் தொட்டால் விலகிவிடு என்று ஒரே கட்டளை. சில ஆயிரம் இருந்தவரை பிரச்சினையில்லை. லட்சக்கணக்கில் ஆனபோது, அத்தனையும் ஒரே நொடியில் விலகினால் நாட்டின் மின்தொகுப்பே தள்ளாடும் என்பது உறைத்தது. 2012-ல் சட்டம் போட்டு மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட அமைப்புகளைத் திருத்தினார்கள். நம் பக்கத்தில் எண்ணிக்கை இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை. திருத்துவதற்கு இது வசதியான நேரம்.

சோலார் நின்று நின்று ஓடினால்

1. இன்வெர்ட்டரின் திரையிலோ செல்போன் செயலியிலோ பிழைப் பதிவைப் பாருங்கள். வோல்டேஜ் அதிகம் என்று வந்தால் பேனலில் குறையில்லை.
2. ஒரு வாரம் காலை 7, மதியம் 12, இரவு 8 மணிக்கு வோல்டேஜைக் குறித்துவையுங்கள். "வோல்டேஜ் சரியில்லை" என்ற மனுவைவிட இந்தத் தாள் பேசும்.
3. மீட்டரிலிருந்து இன்வெர்ட்டர் வரை போகும் வயரின் கனத்தைப் பாருங்கள். முகப்பில் மீட்டர், பின்கட்டு மாடியில் பேனல் என்று நீண்ட வீடுகளில், வீட்டுக்குள்ளேயே மூன்று நாலு வோல்ட் ஏறிவிடும். இது ஈபி கையில் இல்லை, உங்கள் கையில்.
4. போர் மோட்டார், கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் 11-லிருந்து 2 மணிக்குள் ஓட்டுங்கள். பூட்டிய வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடமும் மேல்தொட்டியை அந்த நேரத்தில் நிரப்பச் சொல்லுங்கள்.
5. ஈபி ஆபீசில் பேஸ் மாற்றித் தரும்படியும் டேப்பைப் பார்க்கும்படியும் எழுதிக் கேளுங்கள், தனியாக அல்ல, சோலார் வைத்த வீடுகள் சேர்ந்து.
6. இன்வெர்ட்டர் அமைப்புகளின் கடவுச்சொல் போட்டுத் தந்தவரிடம் இருக்கும். 253 என்ற வரம்பை 265 ஆக்கித் தருகிறேன் என்று சிலர் முன்வருவார்கள். சோலார் நிற்காது, ஆனால் அந்த 265 உங்கள் ஃபிரிட்ஜுக்கும் பக்கத்து வீட்டு டிவிக்கும் சேர்த்துத்தான் போகும்.